ஆடுகளின் நுரையீரல் ஜுரம்: மருந்துக்கு முன் வியாதியை அறிதல் வேண்டும்

அடைமழைக் காலத்தில் ஆட்டுப் பட்டியில் இருமல் கேளாத கிராமம் இல்லை என்றே சொல்லலாம். இரண்டொரு ஆடுகள் இருமுவதையும் மூக்கில் சளி வடிவதையும் கண்டால், "சளிதானே, தானாகத் தீர்ந்துவிடும்" என்று விட்டுவிடுவோர் ஒரு சாரார். உடனே மருந்துக் கடைக்கு ஓடி, கிடைத்த ஊசி மருந்தை வாங்கி வந்து மந்தை முழுவதற்கும் குத்திவிடுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் வேறு வேறு வழியில் செல்வதுபோல் தோன்றினாலும், இருவர் செய்யும் பிழையும் ஒன்றே. இன்ன வியாதி என்று அறியாமலே முன்னவர் சும்மா இருக்கிறார். இன்ன வியாதி என்று அறியாமலே பின்னவர் மருந்து கொடுக்கிறார்.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. நிலமுடையோருக்கு இவை கிடை கட்டி எருவைத் தருகின்றன. நிலம் குறைந்தோருக்கோ, கலியாணம், வைத்தியச் செலவு, பள்ளிக்கூடச் சம்பளம் ஆகிய எல்லாவற்றிற்கும் கைமுதலாக நிற்பவை இவையே. ஒரு பட்டியில் ஒரே வாரத்தில் பத்து ஆடுகள் மடியுமாயின், அக்குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு மறைந்தது என்று பொருள். இத்தகைய நஷ்டத்தில் பெரும்பகுதி மருந்தில்லாமையால் நேர்வதன்று என்பதும், வியாதியைக் காலத்தில் நிதானித்து அறியாமையாலேயே நேர்கிறது என்பதும் நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் ஆலோசிக்கும்பொருட்டு இங்கே எடுத்துரைக்கிறோம்.

வியாதியின் தன்மை

நுரையீரல் ஜுரம் என்று நாம் குறிப்பது, ஆஸ்பத்திரிகளில் நிமோனியா என்று வழங்கும் நுரையீரல் அழற்சியையே. காற்று நிரம்ப வேண்டிய நுண்ணிய அறைகளில் நீரும் சீழும் நிறைந்து, அப்பாகம் ஈரலைப்போல் கெட்டிப்பட்டுவிடுவது இதன் இயல்பு. இதனை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஆடுகளைப் பொறுத்தமட்டில் முக்கியமானவை மான்ஹீமியா ஹீமோலிடிகா, பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் இரண்டுமாம். முன்னதும் 1999-ஆம் ஆண்டு வரை பாஸ்டுரெல்லா என்ற இனத்திலேயே சேர்த்து எண்ணப்பட்டு வந்தது. பிரெஞ்சு விஞ்ஞானியாகிய லூயி பாஸ்டரின் பெயரால் அவ்வினம் அழைக்கப்படுகிறது.

இக்கிருமிகளைப் பற்றிக் குடியானவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவை வெளியூரிலிருந்து வந்து புகுவன மட்டுமல்ல. ஆரோக்கியமான ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும் தீங்கு செய்யாமல் குடியிருப்பவை. ஆட்டின் உடல்வலி குன்றும் சமயம் பார்த்து இவை நுரையீரலுக்குள் இறங்கிப் பெருகுகின்றன. மழையில் நனைதல், சந்தையிலிருந்து லாரியில் நெருக்கி ஏற்றி வருதல், நெடுந்தூரம் ஓட்டிச் செல்லுதல், மூத்திரத்தின் காரநெடி கண்ணைக் கரிக்கும் காற்றோட்டமற்ற கொட்டிலில் அடைத்தல், திடீரென்று தீவனத்தை மாற்றுதல், வேறொரு வைரஸ் வியாதி முன்னரே தாக்கியிருத்தல் ஆகியவை அத்தகைய சமயங்கள். ஆகவே பாக்டீரியா நிமோனியா ஒரு பட்டியில் தோன்றினால், அதற்கு முந்திய இரண்டொரு வாரத்தில் என்ன நடந்தது என்று விசாரிப்பதே நோயறிதலின் முதற்படி.

இவ்வியாதி மிக விரைந்து செல்லும். முந்திய நாள் மேய்ந்து வந்த ஆடு மறுநாட் காலையில் பட்டியிலேயே இறந்து கிடப்பதுண்டு. ஏனையவை இரண்டு மூன்று நாட்கள் துன்புற்று மடியும். தப்பிப் பிழைத்தவற்றிலும் சிலவற்றின் நுரையீரலில் சீழ்க்கட்டிகள் தங்கிவிடுவதால், அவை எவ்வளவு தீனி தின்றாலும் தேறாமல் மெலிந்தே நிற்கும். இவ்வளவு வேகமுள்ள வியாதியில், முதல் நாளில் அறிவதற்கும் மூன்றாம் நாளில் அறிவதற்கும் உள்ள பேதம் உயிருக்கும் சாவுக்கும் உள்ள பேதமாகும்.

குடியானவர் தாமே செய்யத்தக்க பரிசோதனை

நோயறிதல் என்பது கால்நடை வைத்தியருடைய வேலை மட்டுமே என்று எண்ணுவது தவறு. வைத்தியர் வருவதற்கு முன் பட்டிக்குச் சொந்தக்காரர் ஒருவரே அறியக்கூடியவை பல. அவற்றை அவர் கவனித்துச் சொல்லாவிடில், மிகத் தேர்ந்த வைத்தியருக்கும் வேலை பாதி இருட்டிலேயே நடைபெறும்.

பரிசோதிக்க ஏற்ற நேரம் விடியற்காலை. அதாவது ஆடுகளை மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன். வெயிலில் மேய்ந்து வந்த ஆடு சுகமாயிருக்கும்போதே வேகமாக மூச்சு வாங்கும். அதன் தேகத்தின் உஷ்ணமும் ஏறியிருக்கும். அந்நிலையில் பார்ப்பவர் சுகமுள்ள ஆட்டை நோயுள்ளதென்றும், நோயுள்ளதை வெயிலின் களைப்பென்றும் மயங்குவார்.

முதலாவது, ஆட்டைத் தொடாமல் சற்று விலகி நின்று பார்க்க வேண்டும். மந்தையை விட்டுத் தனித்து நிற்கிறதா, தலை தொங்கியிருக்கிறதா, காதுகள் சோர்ந்திருக்கின்றனவா, அசை போடுகிறதா என்பவற்றைக் கவனிக்க. கழுத்தை முன்னே நீட்டி, முன்னங்கால் முட்டிகளை விலாவிலிருந்து அகற்றி நிற்கும் ஆடு மூச்சுக்குத் தவிக்கிறது என்று அறிக. மூச்சு விடும்போது முனகுவதும் தீய குறியே.

இரண்டாவது, அள்ளை ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுக. ஓய்வாயிருக்கும் வளர்ந்த ஆட்டிற்கு நிமிஷத்திற்கு 12 முதல் 30 வரை சுவாசம் இயல்பு. காலைக் குளிர்ச்சியில், விரட்டாமல் எண்ணும்போது அது 40-ஐத் தாண்டுமாயின் சந்தேகிக்க இடமுண்டு. குட்டிகளுக்கு இயல்பாகவே சற்று அதிகமிருக்கும்.

மூன்றாவது, தர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்து உஷ்ணம் பார்க்க. ஆடுகளுக்கு 102 முதல் 104 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பான உஷ்ணம். மனிதருக்கு ஜுரமென்று கருதும் அளவு ஆட்டிற்குச் சுகத்தின் அளவாயிருப்பதால், கையால் தொட்டுப் பார்த்து ஜுரம் சொல்லுதல் வீண். விடியற்காலையில் 105 டிகிரியை எட்டியிருக்குமானால் அது திண்ணமாக ஜுரம். பாக்டீரியா நிமோனியாவில் 106, 107 டிகிரி வரை ஏறுவதுண்டு. ஆனால் சாகும் தறுவாயில் உஷ்ணம் இயல்புக்குக் கீழே இறங்கிவிடுமாதலால், மிகத் தளர்ந்த ஆட்டில் ஜுரமில்லை என்று கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

நான்காவது, மூக்கையும் கண்ணையும் வாயையும் திறந்து பார்க்க. மூக்கில் வடிவது தெளிந்த நீரா, மஞ்சளித்த கெட்டிச் சளியா, ஒரு துவாரத்திலா இரண்டிலுமா என்று குறித்துக்கொள்க. உதட்டின் உட்புறத்திலும் ஈறுகளிலும் புண்ணுண்டா, புழுக்கை இயல்பாயிருக்கிறதா, கழிச்சலுண்டா என்பவும் காண வேண்டும்.

ஐந்தாவது, கணக்கு. மந்தையில் மொத்தம் எத்தனை, நோய் கண்டவை எத்தனை, இறந்தவை எத்தனை, அவை குட்டிகளா கிடாக்களா சினையாடுகளா, முதல் நோய் கண்ட தேதி எது, சமீபத்தில் வாங்கி வந்த ஆடுகள் உண்டா, என்ன மருந்து யார் கொடுத்தது என்பவற்றை ஒரு காகிதத்தில் எழுதிவைக்க வேண்டும். இவ்வைந்தும் செய்து முடிக்கக் கால்மணி நேரம் போதும். தர்மாமீட்டரின் விலையோ, ஓர் ஆட்டின் விலையோடு ஒப்பிட மிகச் சொற்பம்.

மயக்கம் தரும் பிற வியாதிகள்

இருமலும் சளியும் மேல்மூச்சும் பாக்டீரியா நிமோனியாவுக்கு மட்டும் உரியன அல்ல. அவற்றைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லுவதால் உண்டாகும் கேடு பெரிது.

ஆட்டுக்கொல்லி நோய் இவற்றுள் முதன்மையானது. இது வைரஸினால் வருவது. உயர்ந்த ஜுரம், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவற்றோடு நிமோனியாவும் இதில் சேர்ந்து வரும். வைரஸ் தாக்கித் தளர்ந்த நுரையீரலில் முற்கூறிய பாக்டீரியாக்களும் புகுவதால், இறந்த ஆட்டின் நுரையீரலில் பாக்டீரியா நிமோனியாவின் அடையாளங்களே மேலோங்கிக் காணப்படுவதுண்டு. மூலகாரணமான வைரஸை விட்டுவிட்டு, பின்னே வந்த பாக்டீரியாவை மட்டும் குற்றஞ்சாட்டுவது அவ்வாறு நேர்கிறது.

இவ்வியாதியின் சரித்திரமே நோயறிதலின் பயனுக்குச் சான்றாகும். இது முதன்முதலாக 1942-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் தேசத்தில் விவரிக்கப்பட்டது. மாடுகளின் வெக்கை நோயைப் பல விதத்திலும் ஒத்திருந்ததால், ஆடுகளுக்கு வந்த வெக்கை என்றே பல தேசங்களில் இது கருதப்பட்டு வந்தது. இந்தியாவில் 1987-ஆம் ஆண்டில், அப்போது தென்னார்க்காடு ஜில்லாவில் சேர்ந்திருந்த விழுப்புரம் பகுதியின் அரசூர் கிராமத்து ஆடுகளில்தான் இது வேறு வியாதி என்று முதன்முதலாக நிரூபிக்கப்பட்டது. அவ்வூர்ப் பெயரையே தாங்கிய வைரஸ் வகையிலிருந்து பின்னர்த் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தடுப்பு மருந்தும் தயாரித்தனர். ஒரு கிராமத்து ஆடுகளின் வியாதியை, "வழக்கமான சளிதானே" என்று விட்டுவிடாமல் மாதிரி எடுத்துப் பரீட்சித்ததன் பலன், இன்று எண்ணற்ற பட்டிகளுக்குக் கிடைக்கிறது.

அடுத்தது வெள்ளாடுகளுக்கு வரும் தொற்று நுரையீரல் நோய். இது மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியால் வருவது. இறந்த ஆட்டை வைத்தியர் அறுத்துப் பார்க்கையில் பெரும்பாலும் ஒரு பக்கத்து நுரையீரலே கெட்டுப்போய், நெஞ்சறையில் வைக்கோல் நிறமான நீர் தேங்கியிருக்கும். இக்கிருமிக்கு வெளிச்சுவர் இல்லை. கிருமியின் சுவரைத் தகர்த்தே வேலை செய்யும் பென்சிலின் இனத்து மருந்துகளை எத்தனை ஊசி போட்டாலும் இதில் பயன் தராது. வேறினத்து மருந்துகள் வேண்டும். வியாதியின் பெயர் தெரியாமல் மருந்தின் பெயரை மட்டும் தெரிந்துகொள்வதால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

நுரையீரல் புழுக்களால் வரும் இருமல் மூன்றாவது. இதில் பெரும்பாலும் ஜுரமிராது. ஆடு நாளடைவில் மெலியும். ஓட்டிச் செல்கையில் இருமல் மிகும். புழுக்கையைப் பரீட்சித்தால் புழுவின் குஞ்சுகள் தென்படும். மூக்குப் புழுவினால் ஆடு அடிக்கடி தும்மித் தலையை உதறும், அதிலும் ஜுரமில்லை. இவ்விரண்டிற்கும் பாக்டீரியாவைக் கொல்லும் ஊசி போடுவது, களைக்கு உரமிடுவதை ஒக்கும்.

நான்காவது, நாமே உண்டாக்கும் வியாதி. மூங்கில் கொட்டத்தாலோ பாட்டிலாலோ எண்ணெயையும் கஷாயத்தையும் அவசரமாகப் புகட்டும்போது புரையேறி, மருந்து மூச்சுக்குழாய் வழியே நுரையீரலில் இறங்கிவிடுகிறது. இரண்டொரு நாளில் ஜுரமும் மேல்மூச்சும் கண்டு, மூச்சுக்காற்றே அழுகல் நாற்றம் வீசும். இருமும் ஆட்டிற்குத் தலையைத் தூக்கிப் பிடித்து மருந்து புகட்டுவது, தீயை அவிக்க எண்ணெய் ஊற்றுவதாகவே முடியும். மூச்சுத் திணறும் எந்த ஆட்டிற்கும் வாய் வழியே எதையும் புகட்டலாகாது என்பதை வேலையாட்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

திடீர்ச் சாவும் அறுக்கத் தகாத உடலும்

காலையில் இறந்து கிடக்கும் ஆடு நிமோனியாவால்தான் இறந்தது என்று எண்ணிவிடுவதும் ஆபத்து. கோடைக்குப் பின் முதல் மழையில் தழைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தபின் செம்மறிகளில் தோன்றும் துள்ளுமாரி நோயும் இவ்வாறே கொல்லும். அதைக் காட்டிலும் அஞ்சத்தக்கது அடைப்பான். இறந்த உடல் விரைவில் உப்பி, மூக்கு, வாய், ஆசனவாய் ஆகிய துவாரங்களிலிருந்து உறையாத கரிய இரத்தம் கசியுமாயின், அவ்வுடலை ஒருவரும் அறுக்கக் கூடாது. தோலை உரிக்கவும் கூடாது. அறுத்தால் அக்கிருமி காற்றுப்பட்டு வித்துருவடைந்து, அந்நிலத்தில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அது மனிதரையும் தாக்கும். அத்தகைய சமயத்தில் வைத்தியரே வந்து காதுநரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பரீட்சிப்பார். அதன்பின் ஆழக்குழி வெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும்.

சாகக் கிடக்கும் ஆட்டை அவசரமாக அறுத்துக் கூறு போட்டு விற்றுவிடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. போட்ட முதலில் ஒரு பகுதியாவது திரும்பட்டும் என்ற ஏழ்மையின் நினைவே அதற்குக் காரணம் என்பதை அறிவோம். எனினும் அவ்வழக்கத்தால் ஊராருக்கு அபாயம் நேர்வதோடு, வியாதியின் சாட்சியும் அழிந்துவிடுகிறது. அடுத்த நாள் அடுத்த ஆடு விழும்போது, முதல் ஆடு எதனால் விழுந்தது என்று சொல்ல ஒரு சான்றும் இராது.

வைத்தியரும் பரிசோதனைச் சாலையும்

கால்நடை வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்கும்போது, கெட்டுப்போன பாகத்தில் நொறுநொறுவென்ற ஒலியையோ, மூச்சொலி அற்றிருப்பதையோ காண்கிறார். பாக்டீரியா நிமோனியா பெரும்பாலும் நுரையீரலின் முன்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் பற்றுவது. அடைப்பான் இல்லையென்று தெளிந்தபின் இறந்த ஆட்டை அறுத்துப் பார்க்கையில், அப்பாகங்கள் கருஞ்சிவப்பாகிக் கெட்டிப்பட்டிருக்கும். சுகமான நுரையீரல் தண்ணீரில் மிதக்கும். கெட்டிப்பட்ட துண்டு மூழ்கும்.

பரிசோதனைச் சாலைக்கு அனுப்பும் மாதிரி விஷயத்தில் மூன்று குறிப்புக்கள் மனத்தில் இருத்தத்தக்கன. முதலாவது, மாதிரி எடுப்பது கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பதற்கு முன்னரே நிகழ வேண்டும். ஊசி போட்டபின் எடுத்த மாதிரியில் கிருமி வளராமற் போகலாம். இரண்டாவது, சாகுந்தறுவாயிலுள்ள ஆட்டைவிட, அன்று புதிதாக ஜுரம் கண்ட நான்கைந்து ஆடுகளின் மாதிரியே அதிகம் பயன்படும். மூன்றாவது, சுகமுள்ள ஆட்டின் மூக்கிலும் இக்கிருமி உண்டென்று முன்னரே கூறினோம். ஆகவே மூக்குச் சளியில் கிருமி கண்டதொன்றே முடிவான சாட்சியாகாது. இறந்த ஆட்டின் நுரையீரலில் கெட்ட பாகமும் நல்ல பாகமும் சேரும் ஓரத்திலிருந்து எடுத்த துண்டே வலிய சாட்சி. அத்துண்டைப் பனிக்கட்டியில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். ஆகையால் இறந்த ஆட்டை அவசரப்பட்டுப் புதைத்துவிடாமல் வைத்தியருக்குக் காட்டுவது, உயிரோடிருக்கும் ஆடுகளுக்குச் செய்யும் உபகாரமாகும்.

கிருமி வளர்ந்தபின், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்றும் அங்கே சோதித்துச் சொல்லுகிறார்கள். காரணமின்றியும், அளவு குறைத்தும், ஒருநாள் போட்டு மறுநாள் நிறுத்தியும் ஊசி மருந்துகளை வழங்கிவந்தால், கிருமிகள் அவற்றுக்குப் பழகி எதிர்த்து நிற்கும் வல்லமை பெறுகின்றன. அவ்வாறு வலுத்த கிருமி ஒரு பட்டியோடு நிற்பதில்லை. கிடை நகரும் வழியெல்லாம் அது நகரும். மேலும் மருந்து ஏறிய ஆட்டின் பாலையும் இறைச்சியையும் வைத்தியர் குறித்த நாட்கள் கழியும் வரை மக்கள் உட்கொள்ளலாகாது.

ஓர் ஆட்சேபணை

"வைத்தியர் பத்து மைலுக்கு அப்பால் இருக்கிறார், பரிசோதனைச் சாலையின் பதில் வரச் சில நாட்கள் ஆகும், அதற்குள் ஆடுகள் செத்துவிடுமே. நாங்கள் அறிந்த ஊசியைப் போடுவதில் என்ன பிழை?" என்று குடியானவர் கேட்கலாம். இக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. விரைந்து கொல்லும் வியாதியில் காத்திருப்பது பெரும்பிழை என்பதை நாமும் ஒப்புகிறோம்.

ஆனால் நோயறிதல் வேறு, காத்திருத்தல் வேறு. வைத்தியர் பரிசோதனைச் சாலையின் பதிலுக்காகக் கைகட்டி நிற்பதில்லை. ஆட்டின் உஷ்ணத்தையும் சுவாசத்தையும் மந்தையின் வரலாற்றையும் கொண்டு அப்போதே ஒரு தீர்மானத்துக்கு வந்து, மாதிரியை எடுத்துக்கொண்டு, அதே மணியில் சிகிச்சையைத் தொடங்குகிறார். பின்னர் வரும் பதில், தொடங்கிய சிகிச்சை சரியென்று உறுதிப்படுத்தும், அல்லது திருத்தும். 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் நடமாடும் கால்நடை ஆஸ்பத்திரி வண்டியை அழைக்கலாம். அப்போது, "ஆடு இருமுகிறது" என்று மட்டும் சொல்லாமல், "அறுபது ஆடுகளில் ஏழுக்கு நோய், விடியற்காலையில் 106 டிகிரி, வாயில் புண்ணில்லை, கழிச்சலில்லை, ஐந்து நாட்களுக்கு முன் சந்தையில் எட்டு ஆடுகள் வாங்கினோம்" என்று சொல்லக்கூடிய குடியானவர், வைத்தியரின் வேலையில் பாதியைத் தாமே முடித்தவராகிறார்.

அவர் வரும் வரை நோயுள்ளவற்றைப் பிரித்து, நனையாத, ஆனால் காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்தித் தண்ணீரும் பசுந்தழையும் அருகில் வைப்பதே போதும். குளிர் படுமென்று கொட்டிலைச் சாக்குகளால் நான்கு புறமும் மூடிவிட்டால், காரநெடி தேங்கி நுரையீரலை மேலும் கெடுக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஊசி போட்டபின் ஓர் ஆடு பிழைத்தால் மருந்து பலித்தது என்கிறோம். இறந்தால் விதி என்கிறோம். இரண்டிலும் நாம் ஒன்றும் கற்கவில்லை. வியாதி இன்னதென்று அறிவது, விழுந்த ஓர் ஆட்டிற்காக மட்டுமன்று. இன்னும் விழாமல் நிற்கும் மந்தைக்காக. ஆட்டுக்கொல்லி என்று தெரிந்தால், சுற்றுக் கிராமத்து ஆடுகளுக்கெல்லாம் தடுப்பூசி வேண்டும். ஒருமுறை போட்ட ஊசி ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்குக் காக்கும். சாதாரணப் பாக்டீரியா நிமோனியா என்று தெரிந்தால், கொட்டிலின் கூரையும் தரையும் நெருக்கமும் சீர்ப்படுத்தப்பட வேண்டும். புழுவென்று தெரிந்தால், புழு மருந்தும் ஈரமான மேய்ச்சல் தரையை விலக்குதலும் வேண்டும். புரையேறியதென்று தெரிந்தால், கொட்டத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். இருமல் ஒன்றே, பரிகாரம் நான்கு. எந்தப் பரிகாரம் என்று சொல்ல வல்லது நோயறிதல் ஒன்றுதான்.

கிராம அதிகாரிகளின் கடமை

கால்நடைகளின் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கு 2009-ஆம் ஆண்டில் இந்தியப் பார்லிமெண்டார் சட்டம் இயற்றியுள்ளனர். அச்சட்டத்தின் அட்டவணையில் ஆட்டுக்கொல்லி, வெள்ளாட்டுத் தொற்று நுரையீரல் நோய், அடைப்பான் ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளன. அவ்வியாதி உண்டென்று சந்தேகிக்கக் காரணமுள்ள ஒவ்வொரு சொந்தக்காரரும் அதனைக் கிராம அதிகாரிக்கோ கிராமப் பஞ்சாயத்துக்கோ தெரிவிக்கவும், நோயுள்ள பிராணியைப் பிரித்து வைக்கவும் கடமைப்பட்டவர். அச்செய்தியை எழுத்து மூலமாகக் கால்நடை வைத்தியருக்கு எட்டச் செய்வது கிராமத்தின் பொறுப்பு. ஆடு இருமுவதைக் கண்ட குடியானவர் அது அட்டவணையிலுள்ள வியாதியா அல்லவா என்று தாமே முடிவு செய்ய இயலாது. ஆகையால் ஒரே பட்டியில் இரண்டு நாட்களுக்குள் மூன்று ஆடுகளுக்கு மேல் ஜுரமோ சாவோ காணப்பட்டால் தெரிவித்துவிடுவது என்று ஒவ்வொரு கிராமமும் தனக்குத்தானே ஒரு விதி வகுத்துக்கொள்ளலாம்.

இதற்கு வேண்டிய சாதனங்களும் பெரியவையல்ல. பஞ்சாயத்து அலுவலகத்தில் இரண்டு தர்மாமீட்டர், பனிக்கட்டி வைக்கத்தக்க ஒரு பெட்டி, கால்நடைச் சாவுகளைத் தேதி வாரியாகக் குறிக்கும் ஒரு புத்தகம் ஆகியவை போதும். அப்புத்தகம் இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக எழுதப்பட்டால், எந்த மாதத்தில், எந்தத் தெருவில், எந்தச் சந்தைக்குப் பின் வியாதி தோன்றுகிறது என்பது தானே விளங்கும். வெளி ஜில்லாவிலிருந்து கிடை வந்து இறங்கும் ஊர்களில், கிடைக்காரரிடம் அவர் வந்த வழியையும், வழியில் நேர்ந்த சாவுகளையும் தடுப்பூசி விவரத்தையும் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் நன்று. அவரைக் குற்றவாளிபோல் நடத்தினால் அவர் உண்மையை மறைப்பார். மறைத்த வியாதி இரு சாராரையும் கெடுக்கும்.

சர்க்காரிடமும் நமக்கு வேண்டுகோள் உண்டு. மாதிரி அனுப்பிய குடியானவருக்கு முடிவு திரும்பி வருவதில்லை என்ற குறை பல இடங்களில் காதில் விழுகிறது. முடிவைத் தமிழில் நான்கு வரியில் எழுதி, பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்டச் செய்வது நலம். தமது ஆட்டின் நுரையீரல் எங்கே போயிற்று, என்ன சொல்லிற்று என்று அறியாதவர் அடுத்த முறை மாதிரி கொடுக்க முன்வரமாட்டார்.

மாடுகளின் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மாடுகளின் தொற்று நுரையீரல் நோய் நீங்கிய தேசமாக இந்தியா 2007-ஆம் ஆண்டில் அங்கீகரிக்கப்பட்டது. தடுப்பு மருந்தோடு, ஒவ்வொரு கிராமத்திலும் சந்தேகத்துக்கிடமான ஒவ்வொரு சாவையும் விசாரித்து, இது அதுவா அன்றா என்று பரீட்சித்து எழுதிவைத்த உழைப்பும் அவ்வெற்றிகளுக்குக் காரணம். ஆட்டுக்கொல்லியை 2030-ஆம் ஆண்டுக்குள் உலகில் ஒழிப்பதென்று 2015-ஆம் ஆண்டில் சர்வதேச ஸ்தாபனங்கள் நோக்கம் கொண்டன. அந்நோக்கம் நிறைவேறுவது நமது பட்டிகளில் இருமும் ஆட்டை நாம் எவ்வாறு நோக்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஐப்பசி பிறப்பதற்குமுன் ஒவ்வொரு பட்டிக்காரரும் ஒரு தர்மாமீட்டரை வாங்கி, சுகமாயுள்ள தமது ஆடுகள் சிலவற்றின் உஷ்ணத்தையும் சுவாசத்தையும் மூன்று விடியற்காலைகளில் எண்ணிக் குறித்து வைப்பாராக. சுகத்தின் அளவை அறிந்தவரே நோயின் அளவை அறிவார். அக்குறிப்பு கையிலிருக்குமாயின், முதல் இருமல் கேட்ட அன்றே இன்னது செய்யத்தக்கது என்ற தெளிவு பிறக்கும், மந்தையும் பிழைக்கும்.